ஏழாவது மாடிப் பீப்பாய்

டக்கோமா, வாஷிங்டன்
8 மார்ச் 2010

அன்புத் தம்பி லைலுக்கு,

நானும் மகள் கொரினும் மாப்பிள்ளை பீட்டும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. இந்த ஊரில் தினமும் மழை, அதனால் தினமும் சேதி. உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் ஐந்து நிமிடம் பேசினேன், அதற்குள் ஒன்பது தடவை "ஆங்?" என்றாய். அதனால்தான் இதை எழுத்தில் போடுகிறேன். காதில் சரியாக விழவில்லை என்று பிறகு நீ சொல்லக்கூடாது.

விஸ்கி வடிசாலையின் கிடங்கு மேஸ்திரி கிளெம் கடிதம் போட்டிருந்தார். இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறாராம். போவதற்குள் எனக்கு ஒரு தகவல் சொல்லிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். எச் கிடங்கு, ஏழாவது மாடி, 2146 எண் போட்ட பீப்பாய் இந்த வசந்தத்தில் கீழே இறங்குகிறது.

உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். ஷிப்ட்டின் கடைசிப் பீப்பாய்க்கு எவன் மர அடைப்பை அடித்து இறக்குகிறானோ, அவன் அதன் பக்கத்தில் ஆணியால் தன் பெயரைக் கீறிவிட்டுப் போவது அங்கே வழக்கம். 2001 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை, கடைசிப் பீப்பாய்க்கு அடித்தது என் பிள்ளை நோலன். பெயரைக் கீறினான், கையைக் கழுவினான், வண்டியை எடுத்தான். பாலத்துத் திருப்பத்தில் பனி உறைந்து கிடந்தது. இருபத்திரண்டு வயது. அவன் கை கடைசியாகச் செய்த வேலை அந்தப் பீப்பாய்தான். ஒன்பது வருஷமாக அதற்காகக் காத்திருக்கிறேன். அவன் போனதிலிருந்து ஒரு சொட்டு போர்பன் விஸ்கியை நான் நாக்கில் வைக்கவில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

யாரும் கேட்காவிட்டால் அதை மற்ற இருநூறு பீப்பாய்களோடு சேர்த்து ஒரே தொட்டியில் கொட்டிவிடுவார்கள். பிறகு எங்கே போய்த் தேடுவது? நீ வருஷா வருஷம் உன் கடைக்கென்று ஒரே ஒரு பீப்பாயைத் தேர்ந்தெடுத்து, அதை வேறெதோடும் கலக்காமல் புட்டிகளில் அடைத்து வாங்குகிறாய். இந்த வருஷம் இதை எடு. எனக்கு நான்கு புட்டி போதும், மிச்சத்தை விற்றுக்கொள். ருசி எப்படி என்று பார்க்காதே. பீப்பாய் மேல் கையை வை, "இதுதான்" என்று சொல், வீட்டுக்குப் போ.

ஜீனெட்டுக்கு என் அன்பைச் சொல். மாதா உங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்கா,
நேடின்


மில்பர்ன், கென்டக்கி
19 மார்ச் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் வணக்கங்கள். நாங்கள் சுகம். வலது காதைக் கடவுளுக்கும் இடது காதை ஜீனெட்டுக்கும் ஒதுக்கிவிட்டேன், இருவரும் குறைதான் சொல்கிறார்கள்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டுப் பின்பக்கம் போய் அழுதேன். திரும்பி வந்தால் சலூன்கார டூயி கல்லாவில் சாய்ந்துகொண்டு நிற்கிறான். "என்னடா லைலு, கண்ணு சிவந்திருக்கு, வெங்காய வியாபாரத்துல எறங்கிட்டியா?" என்றான். "ஒன் மூஞ்சியப் பாத்தா வராத அழுகையும் வந்துடுதுடா" என்று அனுப்பிவிட்டேன்.

காரியம் முடிந்தது என்றே வைத்துக்கொள். வடிசாலையில் பேசிவிட்டேன். ஏப்ரல் 24, சனிக்கிழமை. வழக்கம்போல் நான்கு பீப்பாய்களிலிருந்து மாதிரி எடுத்து வைப்பார்கள். அதில் ஒன்று 2146 ஆக இருக்க வேண்டும் என்று கேட்டேன், சரி என்றார்கள். காரணம் சொல்லவில்லை. நம் கூட்டாளிகள் ஆறு பேரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பதினான்கு வருஷமாக என் கடையின் வழக்கம் உனக்குத் தெரியும். நான்கு கிளாஸ், அடியில் திருப்பி வைத்த எண், எது எந்தப் பீப்பாய் என்று எனக்கும் தெரியாது. ஏழு பேர் குடித்துப் பார்த்துக் கை தூக்குவோம். அதனால்தான் லூயிவில்லில் இருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு என் ரைனி கடைப் பீப்பாய்க்கு வருகிறார்கள். நோலனுடைய பீப்பாயும் அப்படியே ஜெயிக்கட்டும் அக்கா. மாமன் சிபாரிசில் வந்தது என்று இருக்க வேண்டாம். அந்த ஆறு கழுதைகளும் "இதுதான்டா பீப்பாய்" என்று கை தூக்கிய பிறகு, அது யார் அடைத்தது என்று நான் சொல்ல வேண்டும். அவர்கள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

பயப்படாதே. ஏழாவது மாடிச் சரக்கை மோப்பத்திலேயே சொல்லிவிடுவேன். நம் பிள்ளையின் பீப்பாய் எனக்குத் தெரியாமல் போகுமா? நான் தலையாட்டினால் மற்ற ஆறு தலையும் தானாக ஆடும்.

ஜீனெட் உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். கொரினுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

உன் தம்பி,
லைல்


டக்கோமா
29 மார்ச் 2010

தம்பி லைலுக்கு,

எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் நாக்கின் பெருமை எனக்குத் தெரியும். ரை விஸ்கியைப் போர்பன் என்று பந்தயம் கட்டி, தோற்று, பாதி மீசையோடு ஈஸ்டர் பூசைக்கு வந்தவன் நீ. அன்று சிரித்தேன். இது அந்த மாதிரிக் காரியம் இல்லை.

மூடி வைத்து ருசி பார்ப்பதெல்லாம் மற்ற வருஷத்துக்கு. கிளாஸைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிடு. சொல்ல வெட்கமாக இருந்தால் என் பெயரைச் சொல். இருபத்திரண்டு வருஷம் அந்த வடிசாலையின் ருசி அறையில் உட்கார்ந்து எழுந்தவள் நான், யாருக்காவது நினைவிருக்கும்.

விளையாடாதே, லைல்.

அன்புடன்,
நேடின்


மில்பர்ன்
11 மே 2010

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே நல்ல மழை. டெர்பி குதிரைப் பந்தயத்தன்று மைதானம் முழுக்கச் சேறு. ஜீனெட் தொப்பி வாங்கி வைத்திருந்தாள், அதைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே டிவி பார்த்தாள். தக்காளி நட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு நாய் செத்துப்போயிற்று.

பீப்பாய் எடுத்தாயிற்று. புட்டி அடைத்து வர ஜூலை ஆகுமாம்.

கடையில் வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன். கொரினுக்கு அன்பு.

லைல்


டக்கோமா
20 மே 2010

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "பீப்பாய் எடுத்தாயிற்று" என்று அந்த நாய்க்குப் பிறகு போட்டிருக்கிறாயே, உன்னை என்ன செய்வது! கொரினைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். இருவரும் சமையலறையில் நின்று அழுதோம். பீட் உள்ளே வந்து பார்த்துவிட்டு, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

எல்லாவற்றையும் எழுது. யார் யார் வந்தார்கள்? டூயி என்ன சொன்னான்? பாதர் ஆம்ப்ரோஸ் வந்திருந்தாரா? நோலனுக்குக் கடைசிப் பூசை வைத்தவர் அவர், அவர் வாயில் பட்டிருந்தால் எனக்கு ஒரு ஆறுதல். நீ முன்கூட்டியே சொன்னாயா, இல்லை உன் திமிரை விடாமல் மூடி வைத்துத்தான் கண்டுபிடித்தாயா? அப்படித்தான் செய்திருப்பாய், எனக்குத் தெரியும். போகட்டும், திட்டமாட்டேன். கண்டுபிடித்தாயே, அது போதும்.

எப்படி இருந்தது, லைல்? நான் குடிக்கும் வரை சொல்லாதே என்று நினைத்தேன். ஆனால் ஜூலை வரை பொறுமை இல்லை. இரண்டு வரி எழுது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ஜீனெட்டுக்கு என் அன்பு.

உன் அக்கா,
நேடின்


மில்பர்ன்
2 ஆகஸ்ட் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று மாப்பிள்ளை பீட் சொன்னார். வேலையாக லூயிவில் வந்தவர் நேற்று இங்கே வந்து ஒரு நாள் தங்கினார். நல்ல மனிதர். அவரிடம் ஒரு புட்டி கொடுத்திருக்கிறேன். நான்கு கேட்டிருந்தாய், பெட்டியில் இடமில்லை என்றார். காலுறைகளில் சுற்றி வைத்திருக்கிறோம். லேபிளில் எண் இருக்கிறது.

எப்படி இருந்தது என்று கேட்டாய். கடை அலமாரிக்கு எழுதிய அட்டையை அப்படியே எழுதுகிறேன்: "பழுத்த பேரிக்காய், வெண்ணெய், தேன். தொண்டையில் அமைதியாக இறங்கும். பத்து நிமிடம் கழித்தும் நாக்கில் இனிப்பு நிற்கும்." நன்றாகப் போகிறது. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

வெயில் தாங்கவில்லை. எனக்குத் தூக்கம் சரியில்லை, வேறொன்றும் இல்லை. கொரினுக்கு அன்பு.

லைல்


டக்கோமா
19 ஆகஸ்ட் 2010

அன்புத் தம்பிக்கு,

புட்டி உடையாமல் வந்தது. நாங்கள் சுகம். உன் தூக்கத்துக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து திறந்தோம். மேஜையில் நோலன் படத்தை வைத்து, படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் ஊற்றினோம். கொரின் ஊற்றினாள். நான் என் கிளாஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெகுநேரம் வைத்திருந்து குடித்தேன். கொரினுக்கு ரொம்பப் பிடித்தது. உன் அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் சரி. பேரிக்காய் இருக்கிறது, தேன் இருக்கிறது. மிகவும் சாதுவான சரக்கு.

எனக்கு ஒரு ஆசை. பீப்பாயைத் தேர்ந்தெடுத்த கடைக்கு வெறும் பீப்பாயையும் அனுப்பி வைப்பார்களே. அதில் அடைப்பு இருக்கும் அந்த ஒரு பலகையை மட்டும் கழற்றி அனுப்புகிறாயா? அவன் கீறிய பெயர் அதில்தான் இருக்கும். கிளெம் அன்று பார்த்ததாகச் சொன்னார், நோலன் தன் பெயரின் கடைசி எழுத்தைக் கோணலாகப் போட்டிருந்தானாம். அதைத் தடவிப் பார்க்க வேண்டும்.

உனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தால் எழுது.

உன் அக்கா,
நேடின்


மில்பர்ன்
27 செப்டம்பர் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி? நான் இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன், அதனால்தான் எழுதவில்லை. இப்போது பரவாயில்லை. தக்காளி இந்த வருஷம் ஏராளம். ஜீனெட் நாற்பது ஜாடி போட்டு வைத்திருக்கிறாள்.

பலகை விஷயம். நான் கவனிக்காமல் இருந்துவிட்டேன். வெறும் பீப்பாயை ஒருவர் பூச்செடி வைக்கக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பாதியாக அறுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். மன்னித்துக்கொள்.

கிளெம் தவறாகப் பார்த்திருக்கலாம். அதில் பெயர் ஒன்றும் நான் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் அன்பு.

லைல்


டக்கோமா
6 அக்டோபர் 2010

லைலுக்கு,

காய்ச்சல் விட்டது தெரிந்து நிம்மதி.

பீப்பாயை வாங்கியவர் பெயரும் விலாசமும் எழுது. பாதியாக அறுத்திருந்தாலும் பரவாயில்லை. நானே அவருக்கு எழுதிக் கேட்டுக்கொள்கிறேன்.

நேடின்


மில்பர்ன்
9 நவம்பர் 2010

அக்கா,

உடம்பு எப்படி, ஊர் எப்படி என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஐந்து தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

பூச்செடி வைத்தவர் என்று யாரும் இல்லை. நீ குடித்தது 2146 இல்லை. அது கிடையாது. போயிற்று.

அன்று நாங்கள் ஏழு பேர் போனோம். நான் முன்கூட்டியே சொல்லவில்லை. நான்கு கிளாஸ் வைத்தார்கள். முதலாவது பரவாயில்லை. இரண்டாவதுதான் நீ குடித்தது. மூன்றாவது தண்ணீர் மாதிரி. முதலாவதா இரண்டாவதா, எது நம் பிள்ளையுடையது என்று எனக்குள் ஒரே யோசனை. பிறகு நாலாவது கிளாஸை எடுத்தேன். வாயில் விட்டதும் துப்பிவிட்டேன். துப்புவதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தில் எல்லோர் கண் முன்னாலும் துப்பிவிட்டு, "பாதர், இதக் குடிக்க வேணாம், நம்ம கோயில் பெஞ்சுக்கெல்லாம் வார்னிஷ் அடிக்க எடுத்து வெச்சுக்குங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டூயி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பாதர் தன் கிளாஸை முகர்ந்துவிட்டு, "பெஞ்சு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றார். இரண்டாவதுக்கு ஏழு கையும் தூக்கியாயிற்று.

வடிசாலையின் அலுவலகப் பெண் எண்களைத் திருப்பினாள். நாலாவதின் அடியில் 2146 இருந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள். அன்று பார்த்து என் காது நன்றாகக் கேட்டது.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். அந்தப் பெண் இரண்டாவது பீப்பாயின் முகத்தில் சாக்பீஸால் நம் கடைப் பெயரை எழுதுகிறாள், இவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை மாற்றிக்கொடுங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். செத்துப்போன என் மருமகன் அடைத்த பீப்பாயை நான்தான் துப்பினேன் என்று அந்த ஆறு பேர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. திங்கட்கிழமை தனியாகப் போன் போட்டு, இன்னொரு பீப்பாய் வேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று ஒதுக்கிய பீப்பாய்களை ஆறு மணிக்கே கொட்டியாகிவிட்டது என்றார்கள். மாதிரிப் புட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். கழுவிவிட்டார்களாம். வெறும் பீப்பாயாவது கொடுங்கள் என்றேன். அது அன்று மத்தியானமே நூறோடு நூறாக வெளிநாட்டுக்கு விற்கக் கப்பலுக்குப் போய்விட்டதாம்.

பிறகு உன் மே மாதக் கடிதம் வந்தது. நீயும் கொரினும் சமையலறையில் நின்று அழுததை எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு உண்மையை எழுதும் தைரியம் எனக்கு இல்லாமல் போயிற்று. இரண்டாவது பீப்பாய்ப் புட்டி ஒன்றைக் கெட்டில் ஆவியில் காட்டி லேபிளை உரித்தேன். வேறு லேபிளில் 2146 என்று எழுதி ஒட்டினேன். ஜீனெட்டுக்குக்கூடத் தெரியாது.

அன்று கொட்டிய கலவை புட்டியில் வந்ததும் ஒரு பெட்டி வாங்கினேன். இருநூறில் ஒரு பங்காவது அவனுடையது இருக்குமே என்று பின்பக்கம் உட்கார்ந்து குடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை அக்கா.

நீ சொன்னது கையை வைத்துவிட்டு வா என்பதுதான். அதைக்கூட நான் செய்யவில்லை.

லைல்


டக்கோமா
30 நவம்பர் 2010

லைலுக்கு,

கொரினும் பீட்டும் சுகம். என்னைப் பற்றி இப்போது கேட்காதே.

எனக்குத் தெரியும். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. ஒன்பது கோடை ஏழாவது மாடியில் தகரக் கூரைக்கு அடியில் வெந்த சரக்கு அப்படிச் சாதுவாக இருக்காது. நீ அனுப்பியது இரண்டாவது மாடி, சுவரோரம். இருபத்திரண்டு வருஷம் அதைத்தானே செய்தேன்? எண்ணும் உன் கையெழுத்து. நான்கை நீ எப்போதும் மேலே திறந்துதான் போடுவாய்.

நான் ஏதாவது சொல்வதற்குள் கொரின் குடித்துவிட்டு, "அம்மா, இது தம்பி மாதிரியே இருக்கும்மா" என்றாள். "ஆமாடி" என்றேன். அவள் அந்தப் புட்டியைப் பூட்டி வைத்திருக்கிறாள். ஜனவரி பத்தொன்பதாம் தேதிக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு வாய் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நானும் கூட உட்கார்ந்து குடிப்பேன். அவளிடம் சொல்லாதே, எந்தக் காலத்திலும் சொல்லாதே.

பலகை கேட்டது நீயாகச் சொல்லட்டும் என்றுதான். நீ பூச்செடி கதை எழுதினாய். அவன் பெயரே அதில் இல்லை என்று எழுதினாய். மற்ற எல்லாவற்றையும் விட அது எனக்கு வலித்தது. மன்னிப்பைப் பற்றி எழுத இப்போது எனக்குத் தெம்பில்லை. அது வரும்போது வரட்டும், வராமலும் போகலாம்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அந்தப் பீப்பாயைத் தனியாக வாயில் வைத்தவர்கள் இந்த உலகத்தில் ஏழு பேர்தான். அவர்களில் நாக்கு உள்ளவன் நீ ஒருவன், என்னதான் உன்னைக் கிண்டல் செய்தாலும் அது எனக்குத் தெரியும். நாலாவது கிளாஸில் என்ன இருந்தது, லைல்? கசந்தது என்றால் எப்படிக் கசந்தது? தேயிலை மாதிரியா, கருகிய கட்டை மாதிரியா? அடியில் இனிப்பு ஏதாவது இருந்ததா? எங்கே சுட்டது, நாக்கு நுனியிலா, தொண்டையிலா? அட்டைக்கு எழுதுவது போல எழுதாதே. எனக்காக அழகுபடுத்தாதே. நாலு வரி போதும். அதை வைத்துக்கொண்டு நான் என் வாயிலே ஊகித்துக்கொள்வேன், அந்த வேலை எனக்குத் தெரியும்.

அதை மட்டும் கொடு.

நேடின்


மில்பர்ன்
20 டிசம்பர் 2010

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்குக் கொரினும் மாப்பிள்ளையும் உன் பக்கத்தில் இருக்கட்டும். ஜீனெட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அது நியாயம்தான்.

நீ கேட்ட நாலு வரிக்காக மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கிளாஸில் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு, அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து பார்க்கிறேன்.

முதலில் மற்றவர்களைக் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். டூயி கத்திரிக்கோலைக் கீழே வைத்தான். பிறகு, "நீ குடிக்க வேணாம்னுட்டியேடா, நான் கிளாஸத் தொடவே இல்ல" என்றான். மற்ற நால்வரும் அப்படியே. நான் தலையாட்டினால் ஆறு தலையும் ஆடும் என்று உனக்கு எழுதினேனே, அப்படித்தான் ஆடியிருக்கிறது. ஆகவே ஏழு பேர் என்று நீ எழுதியது தவறு. பாதர் ஆம்ப்ரோஸ் முகர்ந்து பார்த்ததோடு சரி. "என்ன வாசனை பாதர்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒன் வார்னிஷ்தான்டா ஞாபகம் இருக்கு. அதச் சொல்லி நாலு வீட்டுல சிரிச்சிருக்கேன்" என்றார்.

அப்படியானால் நான் ஒருவன்தான். நாலு தாளில் எழுதிப் பார்த்தேன். கருகிய கட்டை, கடும் தேயிலை, உப்பிட்ட கடலை, அடியில் கொஞ்சம் சோளப் பாகு என்று ஒன்று. படித்தால் அழகாகத்தான் இருந்தது. உன்னால் அதை வாயிலே ஊகிக்கவும் முடிந்திருக்கும். ஆனால் அது எந்த ஏழாவது மாடிப் பீப்பாய்க்கும் பொருந்தும். அடுப்பில் போட்டுவிட்டேன். உன்னை இரண்டாவது தடவை ஏமாற்ற மாட்டேன்.

அது என் வாயில் இரண்டு விநாடி இருந்திருக்கும். கசப்பா, காரமா, இனிப்பா என்று நான் கவனிக்கவே இல்லை, அக்கா. அந்த இரண்டு விநாடியும் அவர்களைச் சிரிக்கவைக்க என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

லைல்